முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், ஆயுள் தண்டனை

கிளிஞ்சல் சுண்ணாம்பைச் சலித்து எடுத்துக்கொள்ளவும். மணல் ஒரு பருக்கைகூடக் கூடாது. முட்டையை உடைத்து, மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டு, வெள்ளைக்கருவை வெல்லத்தோடு சேர்த்துப் பசையாகும்வரை அடிக்கவும். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டு எல்லாவற்றையும் குழைக்கவும். சுவரில் பூசி, நீர் சுண்டியதும் வழவழப்பான கல்லால் தேய்க்கத் தொடங்கவும். நடுநடுவே மாக்கல் பொடி தூவவும். கை ஓய்ந்தாலும் விடாமல் தேய்த்தால் சுவர் பளபளக்கும்.

சமையல் குறிப்பு என்று நினைத்து முட்டையைக் கையில் எடுத்திருந்தால் தயவுசெய்து திரும்ப வைத்துவிடுங்கள். சிங்கப்பூரில் சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் வெள்ளைவெளேரென்று ஒரு தேவாலயம் நிற்கிறதே, செயின்ட் ஆண்ட்ரூஸ், அதன் உள்சுவருக்கும் தூண்களுக்கும் பூசிய சாந்தின் பக்குவம் இது. பெயர் ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’. 1856 மார்ச்சில் அடிக்கல், 1861 அக்டோபரில் முதல் ஆராதனை. வரைபடம் போட்டவர் கர்னல் மெக்ஃபர்சன் என்ற துரை. முட்டை அடித்தவர்கள், செங்கல் சுட்டவர்கள், மரம் இழைத்தவர்கள், சுவரை மாய்ந்து மாய்ந்து தேய்த்தவர்கள்? இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட தண்டனைக் கைதிகள்!

இந்தப் பக்குவத்தை எழுதி வைத்ததும் சாதாரண ஆளில்லை. அந்தக் கைதிகளுக்கே மேலதிகாரியாக இருந்த மேஜர் மெக்நேர். 1899இல் பேலிஸ் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே சேதி சொல்லிவிடும்: கைதிகள், தமக்குத் தாமே காவலர்கள். அந்தத் தலைப்பில் உள்ள வில்லங்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பக்குவத்தைச் சரிபார்க்க வேண்டாமா? திண்டிவனத்தில் பழைய வீடு ஒன்றைப் பிரித்துப் பூசிக்கொண்டிருந்த ஒரு மேஸ்திரியிடம் வாசித்துக் காட்டினேன். கரணையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“கடுக்கா போடலியா?”

“இல்ல மேஸ்திரி. தேங்கா மட்டை ஊறுன தண்ணி.”

“ஆங்... அதுல துவர்ப்பு இருக்குது இல்ல? கடுக்கா செய்யற வேலைய அது செஞ்சிடும் தம்பி. அங்க கடுக்காய்க்கு எங்க போவான், தென்னமரம்தான இருக்கும்.” ஒரு கை சாந்தை அள்ளிச் சுவரில் அறைந்தார். “மணலு சேக்கலன்னா அது கடேசிப் பூச்சு. எழைக்க எழைக்கக் கண்ணாடிதான். யாரு, நம்ம ஆளுங்களா?”

நம்ம ஆளுங்கதான் மேஸ்திரி. அதில்தான் இருக்கிறது சங்கதி.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கம் விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. துரியோதனன் சபைக்கு வருவதைவிட, அவனுக்கு அரிதாரம் பூசுகிற கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பதில்தான் ருசி அதிகம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கொட்டகைக்குள் அப்படி ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள். மேடையில் நீதிபதி நிற்கிறார். கொலை, தீவட்டிக் கொள்ளை, கலகம் என்று குற்றத்தை வாசித்து, ‘தீவாந்தரம்’ என்று கணீரென்று தீர்ப்புச் சொல்கிறார். கூட்டம் நடுங்குகிறது. உள்ளே கொட்டகையில் வேறொருவர் உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்: பினாங்குக்கு இத்தனை ஆள், பெங்கூலுவுக்கு இத்தனை, சதுப்பு நிலம் மேடுபடுத்த இத்தனை, ரோடு போட இத்தனை.

தண்டனை முதலா, ஆள் தேவை முதலா? இரண்டும்தான் என்று வரலாற்றுக்காரர்கள் பக்குவமாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பட்டியல்காரர்தான் நிஜமான நீதிபதி. கைதி எங்கே போனான், எப்போது இடம் மாறினான், எப்போது போதும் என்றார்கள் என்ற மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், நீங்களும் என் கட்சிக்கு வந்துவிடுவீர்கள்.

1787ஆம் வருஷத்தை எடுங்கள். மே 13ஆம் தேதி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து 11 கப்பல்கள், எழுநூறுக்கு மேல் கைதிகளோடு, ஆஸ்திரேலியாவை நோக்கிக் கிளம்புகின்றன. உலகத்துக்கே தெரிந்த கதை. அதுவரை அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அமெரிக்கா கழன்றுகொண்டது, தேம்ஸ் நதியில் பழைய கப்பல்களைக் கட்டிப்போட்டு அதில் கைதிகளை அடைத்து வைத்துப் பார்த்தார்கள், அதுவும் நிரம்பி வழிந்தது. ஆக, சிட்னி. 1868 வரை சுமார் 1,60,000 பேர். போகிற போக்கில் ஒரு துணுக்கு: அந்த 11 கப்பல்களில் சார்லட், ஸ்கார்பரோ, லேடி பென்ரின் மூன்றும் கைதிகளை இறக்கிவிட்டு, காலியாகத் திரும்ப மனம் வராமல் சீனாவுக்குப் போய்க் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தேயிலை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பின. போகும்போது திருடன், வரும்போது டீத்தூள்!

அதே 1787இல், உலகத்துக்கு அவ்வளவாகத் தெரியாத இன்னொரு கதையும் தொடங்குகிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பெங்கூலு. ஆங்கிலேயர் வாயில் பென்கூலன். கம்பெனியின் மிளகுக் கிடங்கு, மார்ல்பரோ கோட்டை, மலைக்காய்ச்சல், இவ்வளவுதான் ஊர். உள்ளூர்க்காரர்கள் கம்பெனிக்குக் கூலி வேலை செய்யத் தயாராக இல்லை. இந்தியாவிலிருந்து கைதிகளை அனுப்பத் தொடங்கினார்கள். பினாங்கில் 1786இல் பிரான்சிஸ் லைட் கொடி நட்டிருந்தார். அங்கேயும் காட்டை வெட்ட ஆள் வேண்டும். கூலிக்கு வருகிறவன் காய்ச்சல் வந்தால் ஓடிவிடுவான். ஆயுள் கைதி எங்கே ஓடுவான்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1801 ஜூலையில் ஆற்காட்டு நவாபு கர்நாடகத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். தென்னார்க்காடு ஜில்லா கம்பெனியின் கைக்கு வந்தது. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி எல்லாம் அதற்குள் அடக்கம். தலைமையிடம் கடலூர். அடுத்த வருஷமே சென்னை ராஜதானிக்குக் கம்பெனிச் சட்டங்கள், ஜில்லா கோர்ட்டுகள், சென்னையில் பௌஜ்தாரி அதாலத் என்ற குற்றவியல் மேல்கோர்ட்டு என்று அடுக்கடுக்காக வந்து இறங்கின. பாளையக்காரர்களை அடக்கிய கையோடு வந்த சட்டம். புதிதாக வந்தவனுக்கு ஊரில் ஆயுதம் பிடித்த கைகளைக் கண்டால் பயம்; அதே கைகள் கடலுக்கு அப்பால் மண்வெட்டி பிடித்தால் லாபம்.

சென்னையில் அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். அலையைத் தாண்டிப் போக மசுலா படகு. ஆணி இல்லாமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு. அலை அடித்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். திண்டிவனத்துச் சீமையில் ஏரியும் கிணறும் மட்டுமே பார்த்த ஒருவனைக் காலில் விலங்கோடு அதில் உட்காரவைத்தால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்! கவர்னர் குடும்பங்களும் அதே படகில்தான் ஏறி இறங்கினார்கள் என்பது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்காது.

ஆயுள் தண்டனைக்காரனின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கமும் இருந்தது. வங்காளத்தில் தொடங்கி சென்னைக்கும் வந்தது, 1849இல்தான் ஒழித்தார்கள். ஓடிப்போனால் எந்த ஊரிலும் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. நம் ஆட்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டினால் சர்க்காரின் எழுத்து உள்ளே போய்விடும்.

கடல் தாண்டினால் சாதி போய்விடும், அந்தப் பயமே பாதித் தண்டனை என்பது துரைமார்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. மெக்காலே உட்கார்ந்த சிறைச்சாலைக் கமிட்டி 1838இல் கொடுத்த அறிக்கையிலும் இந்த நம்பிக்கைதான். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. தமிழ்க் கடற்கரைக்கா கடல் பயம்? நாகூர், நாகப்பட்டினம், கடலூர், பரங்கிப்பேட்டையிலிருந்து மரக்காயர் கப்பல்கள் துணி ஏற்றிக்கொண்டு மலாய்க் கரைக்குப் போய்வந்து தலைமுறைகள் ஆகியிருந்தன. பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவிய காதர் மொகிதீன் பரங்கிப்பேட்டைக்காரர், அதாவது அதே தென்னார்க்காடு! ஒரே கடல், ஒரே தீவு. ஒருவர் மாலுமிகளோடு போய் ஊர்த்தலைவராகி மரியாதையாக வாழ்கிறார். இன்னொருவன் விலங்கோடு போய் அவர் வீட்டு வாசலில் ரோடு போடுகிறான். கைதியை நடுங்கவைத்தது தண்ணீர் இல்லை, திரும்பி வர முடியாது என்பதுதான். உள்நாட்டு உழவனுக்கு அது செத்ததற்குச் சமம். வீட்டில் கருமாதியே செய்துவிடுவார்கள்.

எல்லோரும் திருடர்களுமில்லை. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பல் 73 பேரை ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் போனது. அதில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி இருந்தான். பதினைந்து வயதுப் பையன். முந்தைய அக்டோபரில்தான் அப்பாவையும் பெரியப்பாவையும் திருப்பத்தூரில் தூக்கிலிட்டிருந்தார்கள். கப்பலேறும்வரை இவர்களுக்குக் காவலாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, ஒரு காலத்தில் சின்ன மருதுவிடமே வளரி வீசக் கற்றுக்கொண்டவர். விதியின் குறும்பைப் பாருங்கள், 1818இல் அதே வெல்ஷ் பினாங்குக்குப் போகிறார். வயதான தோற்றத்தில் ஒரு மனிதர் அவரைப் பார்க்க வருகிறார். உற்றுப் பார்த்தால் துரைச்சாமி! கணக்குப்படி முப்பத்திரண்டு வயதுகூட இருக்காது. வெல்ஷ் தன் ராணுவ நினைவுகளில் இதை எழுதி வைத்திருக்கிறார். 1830இல் புத்தகமாக வந்தது.

சாம்ராஜ்யத்துக்கு இந்த விளையாட்டு இரண்டு பக்கமும் பழக்கம். நம் பாளையக்காரப் பிள்ளைகளை அங்கே அனுப்பியது போலவே, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை, கண்ணுசாமி என்ற பெயரில் பிறந்தவனை, 1816இல் வேலூருக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். யாருக்கு எந்த ஊர் அந்நியமோ அந்த ஊருக்கு அவரை அனுப்பு, அவ்வளவுதான் சூத்திரம்.

இனி கொட்டகையின் உள் அறைக்குள் போவோம், எனக்கு மிகவும் பிடித்த இடம். 1819இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரைத் தொடங்கிவிட்டார். 1824 மார்ச்சில் லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஊர் மாற்றிக்கொண்டார்கள். மலாக்கா ஆங்கிலேயருக்கு, பெங்கூலு டச்சுக்காரருக்கு. சரி, பெங்கூலுவில் எண்ணூறு தொள்ளாயிரம் இந்தியக் கைதிகள் இருக்கிறார்களே? வீட்டைக் காலி செய்கிறவன் நாற்காலியை விட்டுப் போவானா! 1825 ஏப்ரல் 18ஆம் தேதி ‘ஹொராஷியோ’ என்ற கப்பல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. முதல் தவணை 80 பேர். எல்லோரும் சென்னை ராஜதானியிலிருந்து தண்டனை பெற்றவர்கள். அதில் ஒரு பெண்ணும் உண்டு. ஒரு வாரம் கழித்து வங்காளத்துக் கைதிகள் 122 பேர்.

ஆக, சிங்கப்பூருக்குச் சர்க்கார் செலவில் வந்திறங்கிய முதல் கைதிக் கூட்டம் நம் சென்னை ராஜதானிக் கூட்டம்! எந்தக் குற்றத்துக்கு எந்த ஊரில் தண்டனை அனுபவிப்பது என்று எந்தத் தீர்ப்பிலாவது எழுதியிருந்தால் இப்படி ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்ற முடியுமா? வேலை எங்கே போனதோ அங்கே தண்டனையும் போனது.

அப்போது சிங்கப்பூர் எப்படி இருந்தது தெரியுமா? கடற்கரை ஓரம் சதுப்பு, உள்ளே காடு, காட்டுக்குள் புலி. 1833இல் பொதுப்பணிக்குப் பொறுப்பேற்ற கோல்மன் என்ற கட்டடக்காரர் கைதிகளை வைத்து நிலத்தை மேடாக்கினார்; நார்த் பிரிட்ஜ் ரோடு, சவுத் பிரிட்ஜ் ரோடு போட்டார். சவுத் பிரிட்ஜ் ரோட்டில்தான் மாரியம்மன் கோயில் இருக்கிறது; ராஃபிள்ஸோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்து, ஊரின் முதல் செங்கல் சூளையைப் போட்ட நாராயண பிள்ளை தொடங்கிய கோயில். 1835இல் கோல்மன் கைதிகளோடு காட்டுக்குள் நிலம் அளந்துகொண்டிருந்தபோது புதரிலிருந்து ஒரு புலி பாய்ந்தது. மனிதர்கள்மேல் இல்லை, அளவைக் கருவியின்மேல்! முக்காலி சாய, தலைப்பாகைகள் சிதற, எல்லோரும் நாலாபக்கமும் விழுந்தடித்து ஓட, புலியும் பயந்து ஓடிவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை. லூட்டமன் என்ற ஜெர்மானிய ஓவியர் இதைப் பின்னாளில் படமாகப் போட்டார். சிங்கப்பூர் வரலாற்றில் புகழ்பெற்ற படம். அதில் மல்லாந்து கிடக்கிற தலைப்பாகைக்காரர்களை ஒரு முறை நன்றாகப் பாருங்கள், சொந்தக்கார ஜாடை தெரியும். பின்னால் புலித் தொல்லை அதிகமானபோது கைதிகள் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பினார்கள். ஆயுள் கைதிக்குத் துப்பாக்கி! நம் வேடம்பட்டுச் சிறையில் போய் இதைச் சொன்னால் வார்டர் நம்மை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்.

இங்கேதான் அந்தப் புத்தகத் தலைப்பு. கைதிகளைக் காவல் காக்க ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். சம்பளம் வாங்கிய காவல்காரர்களோ லட்சணமாக இல்லை. யோசித்தார்கள், கைதிகளிலேயே யோக்கியமானவனைப் பொறுக்கி எடுத்து அவனையே காவலுக்கு வைத்தால் என்ன? பியூன், தண்டல், தபேதார் என்று பதவிகள். இடுப்பில் பட்டை. நேற்று விலங்கு மாட்டியிருந்தவன் இன்று விலங்குச் சாவியை வைத்திருக்கிறான். விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு கைதியை வழிக்காவலில் கூட்டிப்போக இரண்டு மூன்று போலீஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு இந்தக் கதை தெரிந்தால் வேலை போய்விடும் என்று கவலைப்படுவார்கள்.

1840களில் கவர்னர் பட்டர்வொர்த் இதற்கு ஒரு முழு ஏணியே போட்டார். மனிதர் படாடோபத்துக்குப் பேர்போனவர்; முதுகுக்குப் பின்னால் ஊரே அவரை மகா வெண்ணெய்த்தாழி என்று நக்கலடித்தது. ஏணி மட்டும் கெட்டிக்காரத்தனமான ஏணி. ஆறு வகுப்பு. புதிதாக வந்திறங்குகிறவன் நாலாம் வகுப்பு, லேசான விலங்கு. ஒழுங்காக இருந்தால் மூன்றாம் வகுப்பு, விலங்கு கழன்றுவிடும், ரோட்டு வேலை, கட்டட வேலை. அதற்கு மேல் இரண்டாம் வகுப்பு, அதாவது தண்டல் பதவி, ஆஸ்பத்திரி வேலை, ஆபீஸ் வேலை. உச்சியில் முதல் வகுப்பு. அனுமதிச் சீட்டு கொடுத்துவிடுவார்கள். வெளியே தங்கலாம், சொந்தமாகச் சம்பாதிக்கலாம், அவ்வப்போது ஆஜர் கொடுத்தால் போதும். வம்பு செய்தால் சரசரவென்று ஐந்தாம் வகுப்பு, கனத்த விலங்கு. ஆறாவது, வயதானவர்களுக்கும் முடியாதவர்களுக்கும். அடிக்கிற சவுக்கைவிட ஏறுகிற படிக்கட்டு மலிவு என்று கண்டுபிடித்தவர்களை என்ன சொல்ல! எனக்கு இது அன்பாகத் தோன்றவில்லை, நல்ல கணக்காகத் தோன்றுகிறது. ஆனால் விலங்கு கழன்ற காலுக்கு அந்த வித்தியாசம் முக்கியமாக இருந்திருக்காது.

பிராஸ் பாசா சாலையில் தங்களுக்கான சிறையையும் அவர்களே கட்டினார்கள். இன்று அந்தப் பக்கம் பல்கலைக்கழகக் கட்டடங்களும், பிராஸ் பாசா, பென்கூலன் என்று தமிழிலும் பெயர் எழுதிய ரயில் நிலையங்களும் இருக்கின்றன. சிறைக்குள் தச்சு, கொல்லு, கல்தச்சு, நெசவு, கயிறு திரிப்பு என்று எல்லாப் பட்டறையும் ஓடின. வேலை தெரியாமல் வந்தவனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தீவட்டிக் கொள்ளைக்காரனாகப் போனவன் கொத்தனாராகிவிடுவான். செராங்கூன் ரோட்டில் கைதிகளின் செங்கல் சூளை. அந்தச் செங்கல்லுக்கு 1867இல் ஆக்ரா கண்காட்சியில் பதக்கமே கிடைத்தது. ஊரில் தீப்பிடித்தால் அணைக்க ஓடியதும் இவர்கள்தான். 1867 தொடங்கி 1869க்குள் கவர்னர் மாளிகையைக் கட்டிக் கொடுத்தார்கள், வரைபடம் மெக்நேர். இன்று அதுதான் சிங்கப்பூர் ஜனாதிபதியின் இஸ்தானா.

மேஸ்திரியிடம் இஸ்தானாவைப் பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டாவது மகன் சிங்கப்பூரில் இருக்கிறானாம். பிளாஸ்டரிங் வேலைக்கு டெஸ்ட் அடித்துப் பாஸாகிப் போயிருக்கிறான்.

“ஏஜெண்டுக்கு குடுத்த கடன இன்னும் அடைச்சிக்கினு இருக்கறோம். அந்தக் காலத்துல கப்பல் காசு யாரு குடுத்தாங்க?”

“சர்க்காரே குடுத்திச்சு மேஸ்திரி.”

“பரவாலியே!” என்றவர் ஒரு நொடி யோசித்தார். “திருட்டுப் பட்டம் கட்டித்தான இட்டுனு போவான்? வோணாம்பா. கடனே தேவல.”

பிள்ளைகுட்டியை விட்டுப் போகிறவனின் கணக்கை மேஸ்திரி ஒரே வாக்கியத்தில் போட்டுவிட்டார். மெக்நேர் அதற்கு ஒரு முழுப் புத்தகம் எடுத்துக்கொண்டும் இந்தப் பக்கத்தைச் சரியாகச் சொல்லவில்லை. அவருடைய கைதிகள் எல்லோரும் நன்றியுள்ளவர்கள், சிரித்த முகத்தவர்கள். அதிகாரி எழுதுகிற புத்தகத்தில் கைதிகள் அப்படித்தான் இருப்பார்கள்.

சரி, எப்போது போதும் என்றார்கள்? இதுதான் கொட்டகையின் கடைசி ரகசியம். ஊர் சதுப்பாக இருந்தவரை கைதி வேண்டும் வேண்டும் என்றார்கள். ரோடு போட்டாயிற்று, பாலம் கட்டியாயிற்று, பங்களாக்கள் எழுந்தாயிற்று. இப்போது வியாபாரிகளுக்கு மூக்கு சுருங்கத் தொடங்கியது. நம் ஊர் என்ன இந்தியாவின் குப்பைத்தொட்டியா? 1857இல் வட இந்தியாவில் சிப்பாய்க் கலகம் வெடித்ததும் அங்கே பிடிபட்டவர்களையும் இங்கே அனுப்பிவிடுவார்களோ என்று பீதி. கல்கத்தாவின் பிடியே வேண்டாம், லண்டனோடு நேரடியாக இணைத்துவிடுங்கள் என்று மனுப் போட்டார்கள். அதற்குச் சொன்ன காரணங்களில் கைதிகளும் ஒன்று. 1860இல் இந்தியாவிலிருந்து அனுப்புவது நின்றது. 1867 ஏப்ரலில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியிருப்புகள் லண்டனின் நேரடி ஆளுகைக்குப் போயின. ரோடு போட்டவனுக்கு அந்த ரோட்டில் நிற்க இடமில்லை.

கம்பெனிக்குப் பின் வந்த சர்க்காருக்கு வேறு இடம் தயாராக இருந்தது. 1858 மார்ச் 10ஆம் தேதி டாக்டர் வாக்கர் என்பவர் ‘செமிராமிஸ்’ கப்பலில் 200 கைதிகளோடு அந்தமானில் இறங்கியிருந்தார். அங்கேயும் காடு, அங்கேயும் காய்ச்சல், அங்கேயும் ஆள் தேவை. 1789இல் ஒரு முறை முயன்று, நோய் தாங்காமல் 1796இல் கைவிட்ட தீவுகள். கைதிகளே கட்டி 1906இல் முடித்த செல்லுலார் சிறை வரைக்கும் அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும். 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே ஒரு தமிழருக்கு இரட்டைத் தீவாந்தரம் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்ததால் வ.உ.சி. அந்தமானுக்குப் போகாமல் கோவையிலும் கண்ணனூரிலும் அடைபட்டார். சொந்தமாகக் கப்பல் விட்டவரைச் சர்க்கார் தன் கப்பலில் ஏற்றப் பார்த்தது, அதைக் கவனியுங்கள்.

இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து தீவாந்தரத்தை எடுத்துவிட்டு ‘ஆயுள் சிறை’ என்று போட்டது 1955இல். சுதந்திரம் வந்து எட்டு வருஷம் கழித்து!

சிங்கப்பூரில் மிச்சமிருந்தவர்களை 1873இல் கணக்கு முடித்தார்கள். தண்டனைக்காலம் பாக்கி இருந்தவர்கள் அந்தமானுக்கு. கைதிகள் துறையை இழுத்து மூடினார்கள். அனுமதிச் சீட்டுக்காரர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. திரும்பி எங்கே போவது, கருமாதி செய்து முடித்த வீட்டுக்கா? சிலர் மாட்டு வண்டி ஓட்டினார்கள், சிலர் கறவை மாடு வாங்கிப் பால் ஊற்றினார்கள், சிலர் கொத்து வேலையையே தொடர்ந்தார்கள். அங்கேயே பெண் பார்த்தவர்களும் உண்டு. இதற்கிடையே சர்க்கார், பொதுப்பணிக்கென்று தனித் துறை ஒன்றை அமைத்து, அதற்கும் மெக்நேரையே தலையில் வைத்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு முதல் தடவையாக, சுவர் பூசுகிறவனுக்கு வெளிக் கூலி கொடுத்து வேலை வாங்க வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்தது.